வீட்டில் வளரும் முயல் குட்டிகள்: வேண்டாத ஈற்றைத் தவிர்க்கும் வழிகள்

முயல் வளர்க்கத் தொடங்குவோரில் பலருக்கு முதல் ஈற்று எதிர்பாராமல்தான் வந்து சேர்கிறது. இரண்டுமே பெண் என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட குட்டிகளில் ஒன்று ஆணாக இருந்திருக்கும். அல்லது, ஒரு தாய் வயிற்றுக் குட்டிகள்தாமே, இன்னும் வளரட்டும் என்று ஒரே கூண்டில் விட்டுவைத்த நாள்கள் அளவுக்கு மீறி நீண்டிருக்கும். உடன்பிறப்பு, தாய், மகன் என்ற வேறுபாடு முயல்களிடம் இல்லை. பருவம் வந்துவிட்டால் எந்த ஆணும் எந்தப் பெண்ணோடும் சேரும். ஆகவே முதன்மையாகச் செய்ய வேண்டியவை இரண்டு: குட்டிகளின் பாலினத்தை நாமே பார்த்து உறுதிசெய்துகொள்வது, பருவமடையும் முன்பே ஆணையும் பெண்ணையும் பிரித்துவிடுவது. கருத்தடை அறுவை சிகிச்சை நிலையான தீர்வு என்றாலும், அதைச் செய்யக்கூடிய வயதுக்குக் குட்டிகள் வரும்வரை இவ்விரண்டையும் விட்டால் வேறு வழியில்லை.

ஏன் இவ்வளவு விரைவு தேவைப்படுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. நாய்க்கு இருப்பதுபோலக் குறிப்பிட்ட இடைவெளியில் வந்துபோகும் பருவம் பெண் முயலுக்கு இல்லை. அதன் கருமுட்டைகள் இனச்சேர்க்கையின் தூண்டுதலால்தான் வெளியாகின்றன. சேர்க்கை நடந்து ஏறத்தாழ 10 முதல் 13 மணி நேரத்துக்குள் அது நிகழ்கிறது. இதனால், இன்றைக்குச் சேர்ந்தாலும் சினையாகாது என்று நம்பத்தக்க பாதுகாப்பான நாள் எதையும் குறிப்பிட முடியாது. சேர்க்கையும் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. கூண்டைச் சுத்தம் செய்யும் நேரத்தில் இரண்டையும் ஒன்றாகத் தரையில் விட்டுவிட்டுத் தண்ணீர் எடுத்து வரச் சென்றால்கூட, அந்த நேரமே போதுமானது. சினைக்காலம் சராசரியாக 31 நாள். ஈன்ற சில மணி நேரத்திலேயே தாய் மறுபடியும் சினையாக முடியும் என்பது பலர் அறியாத செய்தி. தாயோடு ஆண் முயலையும் சேர்த்தே வைத்திருக்கும் வீடுகளில், முதல் ஈற்றுக் குட்டிகள் பால்குடி மறப்பதற்குள் அடுத்த ஈற்று பிறந்துவிடுவது இதனால்தான்.

பருவமடையும் வயது இனத்துக்கு இனம் மாறுகிறது. சிறிய இனங்கள் ஏறத்தாழ மூன்றரை முதல் நான்கு மாதத்திலும், நடுத்தர இனங்கள் நான்கு முதல் ஆறு மாதத்திலும், பெரிய இனங்கள் அதற்கும் பின்னரும் பருவமடைகின்றன. வீட்டில் வளர்ப்பவை பெரும்பாலும் சிறியவை அல்லது கலப்பினம் என்பதால், மிகக் குறைந்த வயதையே கணக்கில் கொள்ள வேண்டும். ஆண் குட்டிகளின் விரைகள் 10 முதல் 12 வாரங்களில் இறங்குகின்றன. விந்தணுக்கள் முழு வளர்ச்சி பெற அதன் பிறகும் சிறிது காலம் ஆகும் என்றாலும், அந்த இடைவெளியை நம்பி நாள்களைத் தள்ளிப்போடுவது அறிவுடைமை ஆகாது. குட்டிகள் பத்தாவது வாரத்தை நிறைவுசெய்யும்போது பிரிவினை முடிந்திருக்க வேண்டும். எந்தக் காரணத்தாலும் பன்னிரண்டாவது வாரத்தைத் தாண்டக் கூடாது.

பாலினம் பார்க்கும் முறை

விற்பவர் சொல்லும் பாலினத்தை ஒரு ஊகமாக மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டிகளில் ஆண், பெண் இரண்டின் உறுப்புகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றுவதால், பழக்கப்பட்டவர்களும் தவறிழைக்கிறார்கள். எட்டாவது வாரத்தில் ஒருமுறை பாருங்கள். பிறகு பன்னிரண்டாவது வாரம் வரை வாரந்தோறும் மீண்டும் பாருங்கள். முதல் பார்வையில் கிடைத்த முடிவு பின்னர் மாறினால் அதில் வியப்பில்லை. அவ்வாறு மாறக்கூடும் என்பதற்காகவே மறுபடியும் பார்க்கச் சொல்லப்படுகிறது.

இதை ஒருவர் தனியாகச் செய்வதைவிட இருவர் சேர்ந்து செய்வது எளிது. முயலைப் பிடிப்பவர் தரையில் அமர்ந்து, குட்டியின் முதுகைத் தம் வயிற்றோடு அணைத்து, ஒரு கையால் மார்பையும் மறு கையால் பின்பகுதியையும் தாங்கிக்கொள்ள வேண்டும். பின்பகுதி தாங்கப்படாத நிலையில் முயல் காலை வேகமாக உதைத்தால் அதன் முதுகெலும்பே முறிந்துவிடக்கூடும். குட்டியை உயரமான மேசைமீது வைத்துப் பார்ப்பதும், அது துள்ளிக் கீழே விழுந்துவிடக்கூடும் என்பதால் ஆபத்தானது. மல்லாத்தியதும் முயல் அசையாமல் கிடப்பதைக் கண்டு அது அமைதியாக இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். அது அச்சத்தால் உறைந்துபோன நிலை. எனவே பார்க்க வேண்டியதை விரைந்து பார்த்துவிட்டுக் குட்டியை விட்டுவிட வேண்டும்.

வாலுக்கு அருகில் இருப்பது மலத்துளை. அதற்கு மேலே, வயிற்றுப் பக்கமாக இருப்பது இனப்பெருக்க உறுப்பு. அதன் இருபுறமும் இரண்டு விரல்களை வைத்து மென்மையாக அழுத்தினால் உட்பகுதி சிறிது வெளியே தெரியும். ஆணாக இருந்தால் திறப்பு வட்டமாக இருக்கும்; உள்ளிருந்து சிறு குழாய் போன்ற பகுதி நீண்டு வரும். பெண்ணாக இருந்தால் திறப்பு நீண்ட பிளவாக, வால் பக்கம் வரை இறங்கித் தெரியும். இரண்டு துளைகளுக்கும் இடைப்பட்ட தூரம் ஆணில் சற்றே அதிகம். ஒரே ஈற்றுக் குட்டிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு புலப்படும். தனிக் குட்டியில் அதை மட்டும் வைத்து முடிவுசெய்ய இயலாது.

விரைகள் தெரியவில்லை என்பதால் பெண் என்று தீர்மானிப்பது மிகப் பரவலான பிழை. முயல் தன் விரைகளை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ள வல்லது. பயந்த முயல் பெரும்பாலும் அதையே செய்யும். மேலே ஏறுவதை வைத்து ஆண் என்று முடிவுகட்டுவதும் அதைப் போன்றதே. தன் மேலாண்மையை நிலைநாட்டப் பெண் முயலும் மற்றொரு முயல்மீது ஏறும். ஐயம் தீராத குட்டியை ஆண் என்றே கருதி, பெண் குட்டிகளிடமிருந்தும் தாயிடமிருந்தும் தனியே வையுங்கள். சில வாரங்களில் உண்மை தெளிவாகிவிடும், அல்லது முயல்களைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் ஒரே நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

யாரை யாரிடமிருந்து பிரிப்பது

குட்டிகள் பிறந்த தேதியை நாட்காட்டியில் குறித்துவைத்து, அதிலிருந்து எட்டு, பத்து, பன்னிரண்டு வாரங்கள் முடியும் நாள்களையும் அப்போதே குறித்துவிடுங்கள். வாங்கி வந்த குட்டிகளின் பிறந்த தேதி சரியாகத் தெரியாவிட்டால், சொல்லப்பட்ட வயதைவிட இரண்டு வாரம் கூடுதலாகவே கணக்கிட்டுக்கொள்வது நல்லது.

முதலில் பிரிக்கப்பட வேண்டியவர் தந்தை. கருத்தடை செய்யப்படாத ஆண் முயலைப் பெண் ஈனுவதற்கு முன்பே வேறு கூண்டுக்கு மாற்ற வேண்டும். குட்டி பிறந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று காத்திருந்தால், நள்ளிரவில் ஈன்ற தாய் விடிவதற்குள் மீண்டும் சினையாகியிருக்கும். அடுத்ததாக, பத்தாவது வாரத்தில், ஆண் குட்டிகளைத் தாயிடமிருந்தும் உடன்பிறந்த பெண் குட்டிகளிடமிருந்தும் பிரிக்க வேண்டும். பெண் குட்டிகள் தாயோடு தொடர்ந்து இருக்கலாம். எட்டு வாரத்துக்கு முன்பே குட்டிகளைத் தாயிடமிருந்து அகற்றுவது அவற்றின் செரிமானத்துக்கு நல்லதன்று என்பதால், அச்சத்தின் பெயரால் மிக முன்கூட்டியே பிரித்துவிடவும் வேண்டாம்.

பிரித்த ஆண் குட்டிகளைச் சிறிது காலம் ஒன்றாக வைத்திருக்கலாம். ஆனால் பருவம் வந்ததும் அவை கடுமையாகச் சண்டையிடும். ஒன்றின் விரையை மற்றொன்று கடித்துக் குதறும் அளவுக்குக்கூட அது போகலாம். துரத்தலும் மயிர் பிய்த்தலும் தொடங்கியதைக் கண்டவுடன் அவற்றையும் தனித்தனியாக்குங்கள்.

வெளியிலிருந்து வந்து சேரும் பெண் முயலைப் பற்றியும் ஒரு சொல். நான்கு மாதத்தைக் கடந்த பெண் முயல் எதுவாயினும், நம்மிடம் வரும்போதே சினையாக இருந்திருக்கலாம். ஐந்து வாரம் அதைத் தனியே வைத்துக் கவனித்தால் அந்த ஐயம் நீங்கும்.

கூண்டும் இடைவெளியும்

ஆணையும் பெண்ணையும் அருகருகே இரண்டு கூண்டுகளில் வைக்கும்போது, நடுவில் ஒற்றைக் கம்பிவலை மட்டும் இருப்பது போதாது. வலையின் கண்கள் அகலமாக இருந்தால் அவற்றின் வழியாகவே சேர்க்கை நடந்துவிட வாய்ப்புண்டு. அது நடக்காவிட்டாலும் மூக்கையும் விரல்களையும் கடித்துக்கொள்ளும். இரண்டு வலைகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டுவிட்டால் இரண்டு தொல்லைகளும் தீரும். முற்றிலும் பார்க்க முடியாத இடத்தில் வைக்க வேண்டியதில்லை. முயல்கள் கூட்டமாக வாழும் இயல்புடையவை என்பதால், ஒன்றையொன்று பார்க்கவும் முகரவும் முடிவது அவற்றுக்கு நன்மையே.

தடுப்பின் உயரம் ஒரு மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். மண் தரையாக இருந்தால் முயல் தோண்டிக்கொண்டு மறுபக்கம் போய்விடும், ஆகவே வலையைத் தரைக்கு அடியிலும் பதிக்க வேண்டும். வீட்டுக்குள் திறந்துவிடும் நேரத்தை ஆணுக்குக் காலை, பெண்ணுக்கு மாலை என்று பிரித்துவைப்பதும், ஒன்று முழுமையாகக் கூண்டுக்குள் போய்த் தாழிட்ட பிறகே மற்றொன்றைத் திறப்பதும் வீட்டிலுள்ள அனைவரும் அறிந்த விதியாக இருக்க வேண்டும். குழந்தைகளுக்கு இதைக் காரணத்தோடு சொல்லிவைப்பது நல்லது. பாவம், தனியாக இருக்கிறதே என்று இரக்கப்பட்டு இரண்டையும் சேர்த்துவிடுவது பெரும்பாலும் அவர்கள்தாம்.

கருத்தடை அறுவை சிகிச்சை

ஆண் முயலுக்கு விரைகள் இறங்கிய பிறகு, பொதுவாக நான்கு அல்லது ஐந்து மாத அளவில் விரை நீக்கம் செய்யப்படுகிறது. பெண் முயலுக்கு வயிற்றைத் திறந்து கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்ற வேண்டியிருப்பதால் ஐந்து, ஆறு மாதம் வரை காத்திருப்பது வழக்கம். ஆணுக்குச் செய்யும் அறுவை எளியது, செலவும் குறைவு. ஆயினும் பெண்ணுக்குச் செய்வதை ஈற்றைத் தவிர்க்கும் வழியாக மட்டும் பார்க்கக் கூடாது என்பது என் கருத்து. கருத்தடை செய்யப்படாத பெண் முயல்களுக்கு மூன்று, நான்கு வயதைக் கடக்கும்போது கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிக அதிகம்; இந்த அறுவை அதை அறவே தடுத்துவிடுகிறது. ஆணோடு சேராமலே சினை பிடித்ததுபோல் நடந்துகொண்டு, மயிரைப் பிய்த்துக் கூடு கட்டி, கிட்டத்தட்ட இரண்டரை வாரம் அல்லலுறும் பொய்ச்சினையும் இதனால் நின்றுபோகும்.

மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும்போது, முயல்களுக்கு மயக்கமருந்து கொடுத்து அறுவை செய்த அனுபவம் உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். நாய்க்கும் பூனைக்கும் சொல்வதுபோல் முதல் நாள் இரவிலிருந்து பட்டினி போடச் சொன்னால், வேறு மருத்துவரைத் தேடுவது மேல். முயலால் வாந்தியெடுக்க முடியாது. அதற்கு மாறாக, உணவு உள்ளே போகாமல் இருந்தால் அதன் குடலியக்கம் நின்று உயிருக்கே ஆபத்தாகும். அறுவைக்கு முன்பு வழக்கம்போல் உலர்புல்லும் தண்ணீரும் கொடுக்க வேண்டும்; அறுவைக்குப் பின் கூடிய விரைவில் அது தின்னத் தொடங்குகிறதா, புழுக்கை போடுகிறதா என்று கவனிக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் ஆகியும் எதுவும் தின்னவில்லை என்றால் மறுநாள்வரை பொறுத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள். வலி நிவாரணி தராமல் அனுப்பினால் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்த அன்றே ஆணைப் பெண்ணோடு சேர்த்துவிடுவதுதான் இக்கட்டத்தில் நேரும் பெரும் பிழை. விரைகள் நீக்கப்பட்ட பிறகும் விந்துக் குழாய்களில் எஞ்சியுள்ள விந்தணுக்கள் சில வாரங்கள் உயிரோடு இருக்கும். எனவே அறுவை நடந்த நாளிலிருந்து ஆறு வாரம் பிரித்தே வைக்க வேண்டும். அதன் பிறகும் ஒன்றின் கூண்டுக்குள் மற்றொன்றை நேராக விடாமல், இரண்டுக்கும் பழக்கமில்லாத ஓர் இடத்தில் சிறிது நேரம் மேற்பார்வையோடு பழகவிட்டு, சண்டை இல்லை என்று தெரிந்த பிறகே நேரத்தைக் கூட்ட வேண்டும்.

தவறுதலாகச் சேர்ந்துவிட்டால்

சேர்க்கை நடந்தது தெரிந்தவுடன் இரண்டையும் பிரித்து, அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு, அடுத்த சில நாள்களுக்குள் மருத்துவரிடம் செல்லுங்கள். பெண் முயல் போதிய வயதும் உடல்நலமும் உடையதாக இருந்தால், சினையின் தொடக்கத்திலேயே கருத்தடை அறுவையைச் செய்துவிட முடியும். நாள் செல்லச் செல்ல அதில் ஆபத்து கூடுகிறது. மிக இளம் வயதில் சினையான முயலுக்கு ஈற்றுச் சிக்கல்கள் வரக்கூடும் என்பதையும் மருத்துவரிடம் பேசுங்கள். வயிற்றை அழுத்திச் சினை பார்ப்பதை நீங்களே முயல வேண்டாம். மருத்துவர் பத்தாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் தொட்டுப் பார்த்தே பெரும்பாலும் கண்டுகொள்வார்.

அறுவை செய்ய இயலாத நிலை என்றால், 28ஆம் நாளுக்கு முன்பே உலர்புல் நிரப்பிய ஈற்றுப் பெட்டி ஒன்றைக் கூண்டில் வைத்துவிடுங்கள். குட்டிகள் பிறந்த பின் தாய் ஒரு நாளைக்கு ஒருமுறையோ இருமுறையோ, அதுவும் சில நிமிடங்கள் மட்டுமே பால் கொடுக்கும். அது குட்டிகளைக் கைவிட்டுவிட்டது என்று எண்ணிப் புட்டிப்பால் கொடுக்கத் தொடங்க வேண்டாம். குட்டிகளின் வயிறு உருண்டு நிறைந்திருந்தால் அவை பால் குடிக்கின்றன என்று பொருள். தத்துக் கேட்பவர்களிடம் குட்டிகளை எட்டு வாரம் நிறைந்த பிறகே கொடுங்கள். கொடுக்கும்போது ஒவ்வொரு குட்டியின் பாலினத்தையும் பிறந்த தேதியையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, இரண்டு குட்டிகளை ஒன்றாக எடுத்துச் செல்வோரிடம், பத்தாவது வாரம் முடியும் நாள் எது என்பதையும் அதே தாளில் குறித்துக் காட்டுங்கள்.