பழைய கட்டடத்தின் கதையை ஆவணக் காப்பகத்தில் தேடுவது எப்படி?

ஒரு பழைய கட்டடத்தைப் பார்த்து, இதை யார் கட்டினார்கள், எவ்வளவு செலவாகியிருக்கும் என்று மனசு கேட்க ஆரம்பித்துவிட்டால், இணையத்தில் நாலு பக்கம் படித்ததோடு விட்டுவிடாதீர்கள். சென்னை உயர் நீதிமன்றத்தை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு தாளில் ஆண்டுகளையும் ஆட்களையும் எழுதிக்கொள்ளுங்கள். வேலை தொடங்கியது 1888, திறந்தது 1892. முதலில் வடிவமைத்தவர் பிராசிங்டன், அப்புறம் ஹென்றி இர்வின், கட்டியவர் ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டி. கட்டடத்தின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் ஆவணம் கைக்கு வராது. எந்தத் துறை, எந்த ஆண்டு, அரசாணை எண் என்ன, இவையெல்லாம் வேண்டும்.

சரி, அடுத்து எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். முன்கூட்டியே ஆய்வு அனுமதி வாங்கிவிடுங்கள், பென்சில் எடுத்துப் போங்கள். பொதுப்பணித்துறையின் ஆண்டுவாரி இன்டெக்ஸைக் கேளுங்கள், ஆனால் 1888-இல் தொடங்காதீர்கள்! பணம் ஒதுக்குவது, இடம் பார்ப்பது எல்லாம் கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே நடந்திருக்கும், அதனால் சில ஆண்டுகள் பின்னால் போய், திறப்புக்குப் பிறகும் சில ஆண்டுகள் தொடர்ந்து பாருங்கள்.

அரசாணை கைக்கு வந்ததும் எல்லோரும் உத்தரவைப் படிக்க ஓடுவார்கள். நீங்கள் தலைப்பகுதியில் நில்லுங்கள். அங்கே 'ரீட்' (படித்தவை) என்று போட்டு, அதற்கு முந்தைய கடிதங்களின் எண்ணும் தேதியும் இருக்கும். அந்த எண்ணைப் பிடித்துப் பின்னோக்கிப் போனால் எஞ்சினியர் என்ன கேட்டார், அரசு எதை வெட்டியது என்பது வரை தெரியும். எனக்கு இந்த ஒரு வரிதான் மொத்த வேலையிலும் பிடித்தது.

ஒரே துறையோடு நிற்கவும் கூடாது. அந்த நீதிமன்றக் கோபுரத்தில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது, ஆகவே அதன் கதையைக் கடல் துறைக் காகிதங்களிலும் தேட வேண்டும்.

படங்களுக்கு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் (லண்டனிலிருந்து இந்திய நிர்வாகத்தைக் கவனித்த பிரிட்டிஷ் அரசுத் துறை) தொகுப்பு. கோயில்கள் என்றால் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் புகைப்படத் தொகுப்பு.

உங்கள் தாத்தா வீடு மாதிரி தனியார் வீடா? அதற்கு அரசாணை இருக்காது. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டு மூலப் பத்திரம் வரை போங்கள். ஓட்டு வீடா, மெத்தை வீடா, கிணறு இருந்ததா, வடக்கே யார் வீடு என்பதெல்லாம் பல பத்திரங்களில் செக்குபந்தியை (நான்கு எல்லை விவரத்தை) ஒட்டியே எழுதியிருக்கும்.