கம்யூனிட்டி கல்லூரியில் சமூக அறிவியல் படிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி கல்லூரிகளில் (இரண்டாண்டு படித்துப் பின் பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்ல வழிதரும் அரசுக் கல்லூரிகள்) உளவியல், சமூகவியல், பொருளாதாரம் முதலிய பாடங்களைத் தேர்ந்தெடுப்பவர்களில் பலர், கணிதத்திலிருந்து தப்பித்துவிட்டோம் என்ற நிம்மதியோடுதான் வகுப்புக்குள் நுழைகிறார்கள். பின்னால் அவர்கள் படும் அல்லல்களில் பெரும்பகுதி இந்த ஒரே எண்ணத்திலிருந்து முளைக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

உளவியலையே எடுத்துக்கொள்வோம். கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்வதற்கென்றே வகுக்கப்பட்ட இரண்டாண்டு அசோசியேட் பட்டத்தில் உளவியல் அறிமுகம், புள்ளியியல், ஆய்வு முறைகள் ஆகிய மூன்றும் கட்டாயம். முதல் இரண்டையும் முடித்தவர்களுக்கே பொதுவாக மூன்றாவது வகுப்பில் இடம் கிடைக்கும். ஆகவே, அச்சத்தால் புள்ளியியலைக் கடைசி செமஸ்டர் வரை தள்ளிப்போடுபவர், இரண்டாண்டில் முடியவேண்டிய படிப்பைத் தாமே நீட்டிக்கொள்கிறார். முதலாண்டிலேயே அதை முடித்துவிட வேண்டும். துணை வகுப்போடு சேர்த்துப் புள்ளியியல் கற்பிக்கும் பிரிவுகள் பல கல்லூரிகளில் உள்ளன, அவற்றில் சேருவதில் எந்தக் குறையும் இல்லை. பொருளாதாரம் படிப்போருக்கோ புள்ளியியலோடு கால்குலஸும் சேர்ந்து வருகிறது.

அடுத்த தவறு, எங்கே போகப்போகிறோம் என்று பார்க்காமல் வகுப்புகளைச் சேர்ப்பது. மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு, அதாவது பாடச்சுமையின் ஓர் அலகுக்கு, 46 டாலர்தான் கட்டணம் என்பதால், விருப்பப்பட்ட வகுப்பையெல்லாம் எடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றும். ஆனால் கம்யூனிட்டி கல்லூரியிலிருந்து 70 செமஸ்டர் யூனிட்டுகளுக்கு மேல் பல்கலைக்கழகம் கணக்கில் ஏற்காது. ஒரு கல்லூரியின் எந்தப் பாடம் எந்த வளாகத்தின் எந்த மேஜருக்கு (முதன்மைப் பாடத்துக்கு) செல்லுபடியாகும் என்பதை அசிஸ்ட் என்னும் அதிகாரபூர்வ இணையதளம் தெளிவாகக் காட்டுகிறது. வகுப்பில் பதிவு செய்வதற்கு முன் அதைப் பார்ப்பதும், அந்தப் பக்கத்தோடு கல்லூரியின் கவுன்சிலரை (படிப்பு வழிகாட்டியை) சந்திப்பதும் ஒவ்வொரு செமஸ்டரிலும் நடக்கவேண்டியவை. சென்ற ஆண்டு படித்த நண்பர் சொன்னார் என்று நம்பி எடுப்பது ஆபத்து, ஏனெனில் எந்தப் பாடம் ஏற்கப்படும் என்று கல்லூரியும் பல்கலைக்கழகமும் செய்துகொள்ளும் ஒப்பந்தங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை.

சேர்க்கைக்கு உத்தரவாதம் என்ற சொல்லையும் முழுதாகப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். மேற்சொன்ன அசோசியேட் பட்டம் ஸ்டேட் பல்கலைக்கழக அமைப்பில் ஓர் இடத்தை உறுதி செய்கிறதே தவிர, சான் டியேகோ ஸ்டேட் போன்ற, விண்ணப்பங்கள் குவியும் குறிப்பிட்ட வளாகத்தை அல்ல. யூசி எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் மட்டுமே சேர்க்கை உத்தரவாதம் தருகின்றன. அதிலும் ஒரு வளாகத்தின் உத்தரவாதத்துக்கு மட்டுமே விண்ணப்பிக்க முடியும். இலையுதிர்காலச் சேர்க்கைக்கான அந்த விண்ணப்பம் முந்தைய ஆண்டின் செப்டம்பரோடு முடிந்துவிடுகிறது. பொது விண்ணப்பத்துக்கு நவம்பர் முடியும் வரை நேரம் இருக்கிறதே என்று காத்திருந்து இந்த வாய்ப்பை இழப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள் என்பது மிகவும் வருத்தத்துக்குரியது.

வகுப்புக்குள் நேரும் தவறு வேறு வகையானது. குடும்பம், சாதி, இனம், வறுமை ஆகியவற்றைப் பற்றி எல்லோருக்கும் அனுபவம் உண்டு. அதனால் அனுபவத்தையே சான்றாக எழுதிவிடுகிறார்கள். கட்டுரையில் பேராசிரியர் எதிர்பார்ப்பது, எத்தனை பேரிடம், எந்த முறையில், எதை ஒப்பிட்டுக் கண்டறிந்தார்கள் என்ற கேள்விகளுக்கான விடையை. பாடநூலில் வந்துவிட்டது என்பதாலும் ஒன்றை முடிந்த முடிவாகக் கொள்ளக்கூடாது. 1964-இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் கொல்லப்பட்டபோது 38 பேர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்ற செய்தி பல பத்தாண்டுகள் அறிமுக நூல்களில் இடம்பெற்றது. பின்னர் அது மிகைப்படுத்தப்பட்டது எனத் தெரியவந்தது. உளவியல் ஆய்வுகள் நூற்றை மீண்டும் செய்து பார்த்து 2015-இல் வெளியான கூட்டு முயற்சியில், மறுமுறை செய்தவற்றில் ஏறத்தாழ 36 விழுக்காடு மட்டுமே புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க முடிவைத் தந்தன. இந்தத் துறை தன்னைத் தானே சோதித்துக்கொள்கிறது என்பதை மாணவர் தொடக்கத்திலேயே அறிந்தால், வெறும் மனப்பாடத்தில் நின்றுவிடமாட்டார். புள்ளியியலை ஏன் தவிர்க்கக்கூடாது என்பதும் அப்போது விளங்கும்.

எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் வந்திருப்போர் பொதுவாக ஒவ்வொரு முழு செமஸ்டரிலும் 12 யூனிட்டுகள் எடுக்கவேண்டும். அந்தக் கணக்கில் முற்றிலும் ஆன்லைனாக நடக்கும் வகுப்பு ஒன்றுக்கு மேல் சேராது.

வேலை பற்றிய தவறான கணிப்பும் பரவலாக உள்ளது. உளவியலில் இளங்கலை முடித்தவுடன் ஆலோசனை தரலாம் என்று பெற்றோரும் மாணவரும் நம்புகிறார்கள். கலிஃபோர்னியாவில் உளவியலாளர் உரிமம் பெற முனைவர் நிலைப் பட்டமும், மேற்பார்வையில் 3,000 மணிநேரப் பணியும் தேவை. திருமண, குடும்ப ஆலோசகராக முதுகலையும் அதே அளவு மணிநேரமும் வேண்டும். மக்களுக்கு நேரடியாக உதவும் பணியே குறிக்கோள் என்றால், உளவியலை மட்டும் பார்க்காமல், அங்கீகாரம் பெற்ற சமூகப் பணி இளங்கலை உள்ள வளாகங்களையும் மாறுதல் பட்டியலில் சேர்க்கலாம். அந்தப் பட்டம் பெற்றவர்களுக்குச் சமூகப் பணி முதுகலையில் பாடங்கள் குறைக்கப்பட்டு, பல இடங்களில் ஓராண்டு வரை மிச்சமாகிறது.