அரை ஆயுள் கணக்கைக் கையால் போட்டுப் பழகுவோம்: முதுநிலை செவிலியர் மாணவர்களுக்கு

மருந்தியல் என்றதும் பலர் மருந்துப் பெயர்களை மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிடுகிறார்கள். பெயர்கள் புழக்கத்தில் தானாக வந்துவிடும். முதலில் கைவர வேண்டியது அரை ஆயுள் கணக்கு. ஒரு தாளும் பென்சிலும் போதும்.

படி 1: எழுதிப் பாருங்கள்

உடலில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரமே அரை ஆயுள். ஒரு மருந்துக்கு அது 8 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 8 மணி நேரத்துக்கு ஒருமுறை 100 மி.கி. ஊசியாகச் சிரையில் போடுகிறோம். முதல் டோஸ் போட்டதும் உடலில் 100. அடுத்த டோஸுக்குச் சற்று முன் 50, போட்டதும் 150. அது பாதியாகி 75, போட்டதும் 175. அப்புறம் 187.5, பிறகு 193.75. எத்தனை டோஸ் போட்டாலும் 200ஐத் தாண்டாது. ஒவ்வொரு முறையும் உள்ளே போகும் அளவே வெளியேறவும் தொடங்கிவிடுகிறது. இதுதான் ஸ்டெடி ஸ்டேட்.

ஐந்தாவது டோஸிலேயே கிட்டத்தட்ட வந்துவிட்டோம், பாருங்கள். அதனால்தான் ஸ்டெடி ஸ்டேட்டை எட்ட 4 முதல் 5 அரை ஆயுள் காலம் ஆகும் என்கிறோம். டோஸை இரட்டிப்பாக்கினால் சீக்கிரம் எட்டிவிடலாமா? முடியாது. 400இல் போய் நிற்கும், ஆகும் நேரம் மட்டும் அதேதான். இதையும் எழுதிப் பார்த்துவிட்டே அடுத்த படிக்குப் போங்கள்.

படி 2: லோடிங் டோஸ்

அவசரத்தில் அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது. அப்போது தேவையான அளவை உடனே எட்ட முதலிலேயே போடும் பெரிய டோஸ்தான் லோடிங் டோஸ். தேவைப்படும் ரத்த அளவை மருந்தின் பரவல் கொள்ளளவால் (உடலில் உள்ள மருந்து முழுவதும் ரத்தத்தில் உள்ள அதே செறிவில் இருக்கத் தேவைப்படும் கணக்கு அளவு) பெருக்குங்கள். லிட்டருக்கு 10 மி.கி. வேண்டும், கொள்ளளவு 40 லிட்டர் என்றால் 400 மி.கி.

படி 3: சிறுநீரகத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

கிளியரன்ஸ், அதாவது உடல் மருந்தை வெளியேற்றும் திறன், பாதியானால் அரை ஆயுள் இரட்டிப்பாகும். இதய மருந்தான டிகாக்சினை எடுத்துக்கொள்வோம். சிறுநீரகம் நன்றாக இருந்தால் அதன் அரை ஆயுள் 36 முதல் 48 மணி நேரம். சிறுநீரே பிரியாத நோயாளிக்கு 3.5 முதல் 5 நாள் வரை போகும். அப்படியானால் ஸ்டெடி ஸ்டேட்டுக்கு இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகும். மூன்றாம் நாள் ரிப்போர்ட் நார்மல் என்று வந்தாலும் நிம்மதி அடையாதீர்கள், அளவு இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

ரத்தம் எடுக்கும் நேரமும் முக்கியம். டிகாக்சின் கொடுத்து 6 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். அதற்கு முன் மருந்து ரத்தத்திலிருந்து திசுக்களுக்குள் போய்க்கொண்டே இருக்கும். அப்போது எடுத்தால் அளவு பொய்யாகக் கூடுதலாகத் தெரியும், சரியான டோஸைப் போய்க் குறைத்துவிடுவோம்.

படி 4: கணக்குக்கு அடங்காத மருந்து

வலிப்பு மருந்தான ஃபெனிடாயினுக்கு மேலே சொன்ன அரை ஆயுள் கணக்கு அப்படியே பொருந்தாது. அதைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகள் சிகிச்சை அளவிலேயே நிரம்பிவிடுகின்றன. அதன் பிறகு டோஸைக் கொஞ்சம் கூட்டினாலும் ரத்த அளவு எக்கச்சக்கமாக எகிறும். கண்மணி ஊசலாடுகிறதா, நடை தள்ளாடுகிறதா என்று கவனியுங்கள்.

இன்னொன்று. ஃபெனிடாயினில் சுமார் 90 சதவீதம் புரதத்தோடு, முக்கியமாக ஆல்புமினோடு, ஒட்டிக்கொண்டிருக்கும். வேலை செய்வது ஒட்டாத மீதிதான். ஆல்புமின் குறைந்த நோயாளிக்கு மொத்த அளவு நார்மலாகவே வந்தாலும், ஒட்டாத பகுதி ஆபத்தான அளவுக்குக் கூடியிருக்கலாம். அதனால் ஃபெனிடாயின் ரிப்போர்ட் வந்ததும் பக்கத்திலேயே அன்றைய ஆல்புமின் அளவையும் கடைசி டோஸ் கொடுத்த நேரத்தையும் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள்.