ப்ராஜெக்ட் பேஜ்ல ஆக்டிவிட்டி கிராஃப் போடுறது எப்படி

மதுரைல நாங்க அஞ்சு பேரு சேந்து பஸ் டைம் ஆப் ஒண்ணு ஓப்பன் சோர்ஸா பண்றோம், மாட்டுத்தாவணி ஆரப்பாளையம் ரெண்டும் அதுல இருக்கு, புதுசா வர்றவங்க மொதல்ல கேக்குறதே இது இன்னும் ஓடுதா இல்ல விட்டுட்டீங்களான்னுதான். எப்ப எவ்வளவு வேலை நடந்துச்சு, யாரு செஞ்சாங்கன்னு காட்டுற கிராஃப் இருந்தா அந்தக் கேள்வியே வராதுங்க.

கோட கிட்ஹப் சைட்ல வச்சிருந்தா இன்சைட்ஸ் டேப்ல ரெடியா இருக்கு. சொந்த சர்வர்னா கிட்ல, அதான் கோடு மாத்தத்தப் பதிஞ்சு வைக்கிற டூல்ல, ஷார்ட்லாக் கமாண்டுக்கு எஸ், என் (-s -n) ரெண்டு ஆப்ஷனும் குடுங்க, யாரு எத்தன கமிட், அதாவது எத்தன தடவ மாத்தம் பதிஞ்சாங்கன்னு வந்துரும். குறிச்ச நேரத்துல தானா ஓடுற மாதிரி க்ரான்ல போட்டா மட்டும் கடைசில ஹெட்னு (HEAD) சேத்துக்கங்க, இல்லாட்டி அது கமிட்டப் பாக்காம இன்புட்டப் படிக்கப் போயி ஒண்ணுமே காட்டாது, நான் ரெண்டு நாள் இதுல முழிச்சேன்.

அதவிட முக்கியம் மெயில்மேப் ஃபைல், ஒரே ஆளு வேற வேற பேருல பண்ண கமிட்ட ஒண்ணாச் சேக்குறது இதுதான். எங்க டீம்ல ஒரு தங்கச்சி காலேஜ் லேப்டாப்ல இனிஷியலோடயும் வீட்டு கம்ப்யூட்டர்ல இனிஷியல் இல்லாமயும் கமிட் பண்ணிருந்துச்சு, லிஸ்ட்ல ரெண்டு ஆளாப் பிரிஞ்சு ரெண்டுமே கீழ கெடந்துச்சு, மெயில்மேப்ல ஒரே வரி சேத்ததும் மேல வந்துருச்சு. செஞ்ச வேலைக்குப் பேரு சரியா வரணும்ல?

மாசவாரிக்கு கிட் லாக்ல தேதிய வருசம்-மாசமா எடுத்து எண்ணி, கிராஃப் வரையிற க்னூப்ளாட் டூல்ல எஸ்விஜி படமாக்கி, ப்ராஜெக்ட் பேஜ்ல மொதல்ல தெரியிற ரீட்மீ ஃபைல்ல ஒட்டிருங்க.