லே விமான நிலையத்தில் பனி எப்போது விழும்? வரைபடம் பார்த்துக் கணிக்கும் முறை

லடாக்கின் லே விமான நிலையம் சுமார் 3,256 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே குளிர்காலத்தில் பனி விழுமா என்று அறிய, லேவுக்கு மேலே நிற்கும் மேகத்தைப் பார்த்தால் போதாது. மேற்கே ஆப்கானிஸ்தான் பக்கம் பார்க்க வேண்டும். விண்டி என்ற வானிலை இணையதளம் மாதிரி இலவச வரைபடம் ஒன்று போதும்.

முதல் படி: உயரத்தை மாற்றுங்கள்

கடல் மட்டக் காற்றழுத்த வரைபடம் இங்கே உதவாது. லே ஓடுபாதையிலேயே காற்றழுத்தம் 700 மில்லிபாருக்குக் கீழேதான். அதனால் காற்றழுத்தம் 500 மில்லிபாராக இருக்கும் அடுக்கைத் தேர்ந்தெடுங்கள். ஏறக்குறைய ஐந்தரை கிலோமீட்டர் உயரம்.

இரண்டாம் படி: வளைவைக் கண்டுபிடியுங்கள்

அந்த உயரத்தில் மேலைக்காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று, ஆறு போல வளைந்து வளைந்து ஓடும். தெற்கே தொங்கும் வளைவுதான் தாழ்வுப்பள்ளம். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வந்து குளிர்காலத்தில் மழையும் பனியும் தரும் காற்றமைப்பான மேற்கத்திய இடையூறு இப்படித்தான் தெரியும். பள்ளத்துக்குக் கிழக்கே காற்று மேலேறும், மேகம் கட்டும். மேற்கே காற்று கீழிறங்கும், வானம் வெளுக்கும். காபூல் அருகே வளைவு தொங்குகிறதா? அப்போது லே அதன் கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது. கவனிக்க வேண்டிய நேரம் இதுதான்.

மூன்றாம் படி: ஈரம் வருகிறதா?

பலரும் சறுக்குவது இங்கேதான். பீர் பாஞ்சால் மலைத்தொடரும் பெரிய இமயமலையும் வரும் ஈரத்தின் பெரும்பகுதியை வழியிலேயே பிழிந்துவிடும். லேவின் ஆண்டு மழையும் பனியும் சேர்ந்தே சுமார் 100 மில்லிமீட்டர்தான். காஷ்மீரின் குல்மார்க்கில் பனி குவியும் நாளில் லேவில் வெறும் மேகமூட்டம் இருப்பது சகஜம். பள்ளம் ஆழமாகத் தெற்கே இறங்கி, காற்று தென்மேற்கிலிருந்து வீசத் தொடங்கி, அரபிக்கடல் ஈரமும் சேர்ந்தால்தான் நல்ல வாய்ப்பு. அதனால் ஈரப்பத அடுக்கையும் கட்டாயம் பாருங்கள்.

நான்காம் படி: நிலைய அறிக்கையோடு ஒப்பிடுங்கள்

விமான நிலையங்களின் வானிலை அறிக்கைக்கு மெட்டார் என்று பெயர். அதில் 'எம்04/எம்05' என்று இருந்தால் வெப்பநிலை மைனஸ் 4, பனிநிலை (காற்றின் ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை) மைனஸ் 5. இடைவெளி ஒரே டிகிரி, காற்று ஈரத்தால் கிட்டத்தட்ட நிறைந்துவிட்டது. இடைவெளி 10, 12 என்று இருந்தால் மேலேயிருந்து விழும் பனி தரையைத் தொடுவதற்குள் ஆவியாகிவிடலாம். 'எஸ்என்' வந்தால் பனி விழுகிறது. முன்னால் கழித்தல் குறி இருந்தால் லேசான பனி.

அப்புறம், பள்ளம் கடந்ததும் காற்று வடமேற்கிலிருந்து வீசும், வானம் தெளியும். ஆனால் மேகப் போர்வை விலகிய இரவில்தான் குளிர் இறுகும். ஓடுபாதையில் கிடக்கும் ஈரம் உறைவதும் அப்போதுதான். அடுத்த நாள் காலை விமானத்தில் போகிறவர்கள் அந்த இரவின் வெப்பநிலையையும் பார்த்துவிடுங்கள்.