பிளாக்ஜாக்: வியூக அட்டை காப்பாற்றாத இடங்கள்

பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில், உங்கள் சீட்டுகளின் கூட்டுத்தொகை 21ஐத் தாண்டாமல், கேசினோவுக்காக ஆடும் டீலருடையதைவிட அதிகமாக இருக்க வேண்டும். டீலரின் ஒரு சீட்டு மட்டும் உங்களுக்குத் தெரியும். லாஸ் வேகாஸ் கேசினோக்களின் பரிசுப்பொருள் கடைகளில் சில டாலருக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் வியூக அட்டை கிடைக்கும். கையில் 12 இருக்கிறது, டீலர் காட்டும் சீட்டு 4, என்ன செய்யலாம்? இரண்டு எட்டு வந்தால் என்ன செய்யலாம்? எல்லாம் கட்டம் கட்டமாக அதில் அச்சிட்டிருக்கும். பரீட்சையில் துண்டுச்சீட்டு வைத்திருந்தால் வெளியே அனுப்புவார்கள். இங்கே அந்த அட்டையை மேசையருகே வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்தே ஆடலாம். ஆட்டத்தைத் தாமதப்படுத்தாத வரை டீலர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

தன்னைத் தோற்கடிக்கும் வழியைக் காசுக்கு விற்கும் வியாபாரி எங்கும் கிடையாது. அப்படியானால் அட்டை பொய்யா? இல்லை, அதில் உள்ள ஒவ்வொரு கட்டமும் கணிதப்படி சரி. ஆனால் பிளாக்ஜாக் மேசையில் செய்யப்படும் தவறுகளில் சிறியவற்றைத்தான் அது திருத்துகிறது. வீட்டுப் பத்திரம் அடகுக்குப் போவது மற்ற தவறுகளால்.

முதலில் சிறியவற்றைப் பார்த்துவிடலாம்.

இந்த அட்டைக்கு அடிப்படை, 1950களில் அமெரிக்க ராணுவத்தின் அபெர்டீன் தளத்தில் இருந்த பால்ட்வின், கேன்டி, மைசல், மெக்டெர்மாட் என்ற நால்வர் மேசைக் கணக்குப் பொறிகளை வைத்துப் போட்ட கணக்கு. 1956இல் ஒரு புள்ளியியல் ஆய்விதழில் அது வெளியானது. நல்ல விதிகள் உள்ள மேசையில் அதன்படி பிசகாமல் ஆடினால், கேசினோவின் சாதகம், அதாவது நாளடைவில் அதற்குச் சேரும் பங்கு, நூறு டாலர் பணயத்துக்குச் சுமார் அரை டாலராகச் சுருங்குகிறது. "டீலர் செய்வதையே நானும் செய்கிறேன், 17 வரும்வரை சீட்டுக் கேட்கிறேன்" என்று ஆடுபவருக்கு அதே சாதகம் ஐந்தரை டாலரை எட்டுகிறது. ஆட்டக்காரர், டீலர் இருவருமே 21ஐத் தாண்டினாலும் பணம் கேசினோவுக்கே, ஏனென்றால் ஆட்டக்காரர்தான் முதலில் தாண்டுகிறார். தாண்டிவிடுவோமோ என்று பயந்து 12லேயே நிறுத்திக்கொள்பவருக்குக் கிட்டத்தட்ட நான்கு டாலர் இழப்பு.

மிகவும் வெறுக்கப்படும் கை 16; டீலரிடம் 10. சீட்டுக் கேட்டாலும் நஷ்டம், கேட்காவிட்டாலும் நஷ்டம், இரண்டுக்கும் வித்தியாசம் மயிரிழை. விதி இடம் கொடுத்தால் பாதிப் பணத்தை விட்டுவிட்டு விலகுவதே மேல். இந்த ஒரு கைக்காக மேசையில் நடக்கும் சச்சரவுகள் வேடிக்கையானவை. "நீங்கள் அந்தச் சீட்டை எடுக்காமல் இருந்திருந்தால் டீலர் தோற்றிருப்பார்" என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் எரிந்து விழுபவர்கள் உண்டு. அடுத்த சீட்டு என்னவென்று யாருக்கும் தெரியாதபோது, பக்கத்தில் இருப்பவரின் தவறு உங்களைக் கெடுக்கும் வாய்ப்பும் காப்பாற்றும் வாய்ப்பும் சமம்தான். காப்பாற்றிய தடவைகள் நினைவில் நிற்பதில்லை, அவ்வளவே.

இன்ஷூரன்ஸ் வேறு ரகம். பெயரே ஏமாற்று. டீலர் ஒரு ஏஸைக் காட்டுகிறார். உங்கள் பணயம் 100 டாலர். "இன்ஷூரன்ஸ்?" என்று கேட்டபடி கையை மேசையின் குறுக்கே ஓட்டுகிறார். இன்னும் 50 டாலர் வைத்தால், மூடியிருக்கும் சீட்டு 10 மதிப்புள்ளதாக (10, ஜாக், ராணி, ராஜா) இருக்கும் பட்சத்தில் 100 டாலர் கிடைக்கும். இது நியாயமான பந்தயமாக இருக்க வேண்டுமானால் மூன்று தடவைக்கு ஒரு தடவையாவது 10 இருக்க வேண்டும். ஆறு கட்டுச் சீட்டில் அந்த ஏஸ் போக மீதி 311. அவற்றில் 10 மதிப்புள்ளவை 96. நூற்றுக்கு 31கூட இல்லை. இந்தப் பந்தயத்தில் கேசினோவின் சாதகம் 7.4 சதவீதம். உங்கள் கையிலேயே பிளாக்ஜாக் (முதல் இரண்டு சீட்டிலேயே ஒரு ஏஸும் ஒரு 10 மதிப்புச் சீட்டும்) இருக்கும்போது, "பணயத்துக்குச் சரிசமமாக வாங்கிக்கொள்கிறீர்களா?" என்று டீலர் கனிவாகக் கேட்பதும் இதே பந்தயம்தான், வேறு சட்டையில். இரண்டுக்கும் வேண்டாம் என்பதே பதில். மேசையோரச் சின்ன வட்டங்களில் வைக்கப்படும் ஜோடிப் பந்தயம் போன்றவையும் பெரும்பாலும் அப்படித்தான்.

துணியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் உட்காருவது

அட்டையை மனப்பாடம் செய்தவர்கள்கூட மேசைத் துணியில் வளைவாக அச்சிட்டிருக்கும் வரியைப் படிப்பதில்லை. பிளாக்ஜாக் வந்தால் 3க்கு 2 என்று இருந்தால் 100 டாலருக்கு 150 கிடைக்கும். 6க்கு 5 என்று இருந்தால் 120 தான். எண்கள் பெரிதாக இருப்பதால் 6க்கு 5 கூடுதல் என்று நினைப்பவர்களைக் குறை சொல்ல முடியாது, நினைக்க வேண்டும் என்றுதான் அப்படி எழுதியிருக்கிறார்கள். பிளாக்ஜாக் சுமார் 21 கைக்கு ஒருமுறை வரும். அந்த 30 டாலர் குறைவால் கேசினோவின் சாதகம் ஏறத்தாழ 1.4 சதவீதம் கூடிவிடும். அரை சதவீத ஆட்டம் இரண்டு சதவீத ஆட்டமாகிறது. நீங்கள் இரவெல்லாம் படித்த அட்டை சம்பாதித்துக் கொடுத்ததில் கணிசமான பங்கை ஒரு வரி அச்சு திருப்பி எடுத்துக்கொள்கிறது. குறைந்த பணயத்தோடு சாதாரணப் பயணிகளை வரவேற்கும் மேசைகளில்தான் இது அதிகம்.

"தோற்றால் இரட்டிப்பாக வை, ஒருமுறை வென்றால் எல்லாம் திரும்பிவிடும்" என்ற பழைய யோசனைக்கும் அதே துணிதான் பதில் வைத்திருக்கிறது: உச்சவரம்பு. 25இல் தொடங்கி 50, 100, 200, 400, 800 என்று ஆறு தடவை தொடர்ந்து தோற்றால் போனது 1,575 டாலர். ஏழாவதாக 1,600 வைக்க வேண்டும். மேசையின் வரம்பு 1,000. ஆறு தொடர் தோல்வி அபூர்வம் என்று தோன்றும். சமன் ஆன கைகளைத் தள்ளிவிட்டால், சுமார் 48 முயற்சிக்கு ஒன்று அப்படி முடியும். அத்தனையும் 25 டாலர் வெல்வதற்காக.

நாலு மணி நேரத்தில் நடப்பது

கெட்டிக்காரர்கள் விழுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். நல்ல விதிகள், அட்டைப்படி ஆட்டம், கைக்கு 25 டாலர், மணிக்கு 70 கை, நாலு மணி நேரம். மொத்தம் 280 கை; மேசையில் புரண்ட பணம் 7,000 டாலர். கேசினோவின் பங்கு அதில் அரை சதவீதம், 35 டாலர். ஒரு சுமாரான இரவு உணவின் விலை.

ஆனால் அந்த மாலை 35 டாலர் நஷ்டத்தில் முடியாது. சீட்டின் ஏற்ற இறக்கம் அதைவிடப் பல மடங்கு பெரியது. 500 டாலர் இழந்து எழுவதும் 450 டாலர் ஜெயித்து எழுவதும் மிகச் சாதாரணம். கணக்குப் போட்டால் நூறு மாலைகளில் ஏறக்குறைய 47இல் நீங்கள் லாபத்தோடு வெளியே வருவீர்கள். அந்த 47 மாலைகள்தான் ஆபத்தானவை. வென்றது திறமையால், தோற்றது துரதிர்ஷ்டத்தால் என்று மனம் தானாகவே கணக்கு எழுதிக்கொள்ளும். இதே ஆட்டத்தை நூறு மாலை ஆடிய பிறகும் நாலில் ஒருவர் லாபத்தில் இருப்பார். "எனக்குத் தெரிந்த ஒருவர் இதிலேயே சம்பாதிக்கிறார்" என்ற பேச்சில் வருபவர் பெரும்பாலும் அவர்தான். மற்ற மூவரும் பேசுவதில்லை.

கேசினோ இதை வேறு விதமாகப் பார்க்கிறது. சராசரிப் பணயம், மணிக்கு எத்தனை கை, எத்தனை மணி நேரம், சாதகம் எவ்வளவு: நான்கையும் பெருக்கி ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு தொகை எழுதி வைக்கிறது. இலவச அறை, இலவச விருந்து எல்லாம் அந்தத் தொகையில் ஒரு சிறு பங்கு. வியூக அட்டை நான்காவது எண்ணை மட்டுமே குறைக்கிறது. மற்ற மூன்றும் வாடிக்கையாளரின் நம்பிக்கையைப் பொறுத்தவை, நம்பிக்கையை வளர்ப்பதில் அட்டையைப் போல வேறொன்று கிடையாது. சீட்டை விடாமல் கலைக்கும் இயந்திரம், கையில் வந்து நிற்கும் இலவச மது, இவை இரண்டாவது மூன்றாவது எண்களுக்கான வேலையாட்கள்.

வந்து போன சீட்டுகளைக் கணக்கில் வைத்து மிச்சம் என்ன என்று ஊகிக்கும் சீட்டு எண்ணும் கலைக்கும் இதே கதைதான். கணிதப் பேராசிரியர் எட்வர்டு தோர்ப், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐ.பி.எம். கணினியில் போட்ட கணக்கை வைத்து, எண்ணத் தெரிந்தால் கேசினோவை வெல்லலாம் என்று 1962இல் புத்தகம் எழுதினார். பதறிப்போன லாஸ் வேகாஸ் கேசினோக்கள் 1964இல் விதிகளை இறுக்கின. கூட்டம் குறைந்ததும் சில வாரங்களில் தளர்த்திவிட்டன. அதற்குப் பிறகு பிளாக்ஜாக் மேசைகள் நிரம்பி வழிந்தன. எண்ணத் தெரிந்தவர்கள் சிலர், தெரியும் என்று நம்பியவர்கள் பல ஆயிரம். முறையாக எண்ணினாலும் கிடைக்கும் சாதகம் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான். அதைப் பணமாக்க நீண்ட காலமும், கைமுதலாகப் பெருந்தொகையும் வேண்டும். சந்தேகம் வந்தால், லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் வாசலைக் காட்டிவிடுவார்கள். நியூ ஜெர்சியில் மட்டும், 1982இல் சீட்டு எண்ணுபவரான கென் அஸ்டனின் வழக்கில் வந்த தீர்ப்பால், எண்ணுகிறார் என்பதற்காக ஒருவரைக் கேசினோ தடுக்க முடியாது. 2011ஐ ஒட்டிய சில மாதங்களில், அதே மாநிலத்தின் அட்லான்டிக் சிட்டியில் டான் ஜான்சன் என்ற சூதாட்டக்காரர் சுமார் ஒன்றரைக் கோடி டாலர் வென்றதைப் பலர் உதாரணம் காட்டுவார்கள். அவர் ஆட உட்காரும் முன்பே, தோற்றால் 20 சதவீதம் தள்ளுபடி என்று கேசினோக்களிடம் பேரம் பேசி வாங்கியிருந்தார். நமக்கு அப்படி யாரும் தர மாட்டார்கள்.

விட்டதைப் பிடிக்கப் போவது

டெரன்ஸ் வாட்டனபி, நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹாவில் விழாப் பொருட்கள் விற்கும் குடும்ப நிறுவனத்தை நடத்திச் செல்வந்தரானவர். நிறுவனத்தை விற்றுவிட்டு வந்த அவர், 2007ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் லாஸ் வேகாஸின் சீசர்ஸ் பேலஸ், ரியோ கேசினோக்களில் சுமார் 12 கோடியே 70 லட்சம் டாலர் இழந்தார். பிளாக்ஜாக்கும் அவர் ஆடிய ஆட்டங்களில் ஒன்று. கேசினோ கொடுத்த கடனில் ஒன்றரைக் கோடி டாலருக்குச் சற்றுக் குறைவான தொகையைக் கட்டவில்லை என்று அவர் மீது குற்ற வழக்கே பதிவானது. நெவாடா சட்டத்தில் கேசினோ கடன் சீட்டு காசோலைக்குச் சமம். தன்னைப் போதையிலேயே வைத்து ஆடவிட்டார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. 2010இல் சமரசம் ஆயிற்று. பிறகு 2013இல், இந்த விவகாரத்தில் நடந்துகொண்ட விதத்துக்காக, நியூ ஜெர்சியிலும் கேசினோ நடத்தும் சீசர்ஸ் நிறுவனத்துக்கு அந்த மாநில ஒழுங்குமுறை அதிகாரிகள் 2,25,000 டாலர் அபராதம் விதித்தார்கள். அவர் இழந்ததில் அது 0.18 சதவீதம். பிளாக்ஜாக்கில் கச்சிதமாக ஆடுபவரிடம் கேசினோ எடுக்கும் பங்கில் பாதிகூட இல்லை.

அவருக்கு வியூகம் தெரியுமா தெரியாதா என்ற கேள்விக்கு இங்கே இடமே இல்லை. 2013இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, சூதாட்டக் கோளாறை மது, போதைப்பொருள் அடிமைத்தனத்தோடு ஒரே அத்தியாயத்தில் வைத்தது. அது சொல்லும் ஒன்பது அடையாளங்களில் நான்கு ஓராண்டுக்குள் தென்பட்டால் போதும். விட்டதைப் பிடிக்க மறுபடி போவது அவற்றில் ஒன்று. எவ்வளவு ஆடினோம் என்று வீட்டில் பொய் சொல்வது, அதே கிளர்ச்சிக்கு முன்பைவிடப் பெரிய தொகை தேவைப்படுவது, நிறுத்த முயன்றால் எரிச்சல் வருவது, கடனை அடைக்க அடுத்தவர் கையை எதிர்பார்ப்பது ஆகியவையும் உண்டு. ஆடத் தெரியாமை அந்தப் பட்டியலில் இல்லை.

சிங்கப்பூரில் 2010இல் இரண்டு சூதாட்டக்கூடங்கள் திறந்தபோது, குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நுழைவுக் கட்டணம் வைத்தார்கள். 2019 முதல் அது 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). தடுப்பதற்காக வைத்த கட்டணத்தையும் சேர்த்து மீட்க வேண்டும் என்று விடியும்வரை உட்காருவது, அங்கே செய்யப்படும் தனித்தவறு. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்குப் போனவர்களுக்கு அந்தக் கட்டணமும் கிடையாது. கடவுச்சீட்டைக் காட்டினால் உள்ளே போகலாம். ஊருக்கு அனுப்ப வேண்டிய சம்பளம் பையில் இருக்கும்போது அது சலுகை அல்ல. ஆனால் அங்கே ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்திடம், என்னை உள்ளே விடாதீர்கள் என்று ஒருவர் தாமாகவே எழுதிக் கொடுத்துவிடலாம். வெளிநாட்டு ஊழியருக்கும் இது பொருந்தும். மனைவியோ கணவரோ பெற்றோரோ பிள்ளைகளோ உடன்பிறந்தவர்களோ தடை ஆணை கேட்டும் விண்ணப்பிக்கலாம்.

கைபேசியில் வரும் 'நேரலை டீலர்' செயலிகளில் இந்தத் தடுப்பு எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் 2022இல் இயற்றிய சட்டம் இணையச் சூதாட்டத்தைத் தடை செய்கிறது. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் எல்லா இணைய விளையாட்டுகளையும் தடை செய்தது. அதன் பிறகும் வெளிநாட்டிலிருந்து இயங்கும் ஒரு செயலியில் பணம் போட்டு, ஜெயித்த தொகை வரவில்லை என்றால் புகார் கொடுக்க ஆளில்லை.

வீட்டார் செய்யும் தவறு ஒன்று மிச்சம் இருக்கிறது. கடன்காரர் வாசலுக்கு வந்ததும், இதோடு விட்டுவிடு என்று நகையை விற்று முழுவதையும் ஒரே மூச்சில் அடைத்துவிடுகிறார்கள். ஆடுபவருக்கு அது புதிய கைமுதல். சம்பளக் கணக்கு, யு.பி.ஐ., கிரெடிட் கார்டு எல்லாம் வேறொருவர் பொறுப்புக்குப் போன பிறகு, கடன் கொடுத்தவரிடம் நேரடியாக, தவணையாகக் கட்டுவதே முறை. இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். ஆடுபவர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் வீட்டார் அழைக்கலாம். அழைப்பதற்கு முன், யாரிடம் எவ்வளவு கடன் என்ற பட்டியலை அவரையே உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள். முதல் தடவை எழுதும் பட்டியல் பெரும்பாலும் முழுமையாக இருக்காது. வங்கிக் கணக்கு அறிக்கையையும் கடன் மதிப்பெண் அறிக்கையையும் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள்.