டரான்டுலாவுக்கு வீடு அமைக்கறது எப்படி

ஏனுங்க, டரான்டுலாங்கற முடி மொளச்ச பெரிய சிலந்திய வளக்கறதுக்கு, மொதல்ல பெரிய கண்ணாடி மீன் தொட்டி வாங்கிப் போடறத விடுங்க. தரையில வாழற வகைக்கு, உதாரணமா மெக்சிகன் ரெட் நீ, பெட்டி நீளம் அதோட கால் விரிப்புல (முன்னங்கால் நுனியில இருந்து எதிர்ப்பக்கப் பின்னங்கால் நுனி வரைக்கும் இருக்கற அளவு) மூணு மடங்கு, அகலம் ரெண்டு மடங்கு இருந்தாப் போதும். உயரந்தான் முக்கியம், மண்ணுல இருந்து மூடி வரைக்கும் கால் விரிப்புல ஒன்றரை மடங்குக்கு மேல போகவே கூடாது, ஏன்னா இதுங்க செவுத்துல ஏறி வழுக்கி விழுந்தா வயிறு கிழிஞ்சு செத்துப் போயிரும்ங்க, அதனால மிச்ச உயரத்த மண்ணப் போட்டே நெரப்போணும்.

மண்ணுக்கு நாம அலையவே வேண்டாம், பொள்ளாச்சிப் பக்கம் தேங்கா நார்க் கழிவு கட்டி கட்டியா கெடைக்குது. உரம் கலக்காததா பாத்து வாங்கி, உப்புப் போக நல்லா அலசி, கெட்டியாப் புழிஞ்சு, ஒரு நாலஞ்சு இஞ்ச் அமுக்கிப் போடுங்க. ஒரு மூலைல பாதி தேங்காத்தொட்டிய சாச்சுப் பொதச்சா ஒளிஞ்சுக்க எடம், இன்னொரு மூலைல சின்ன தண்ணிக் கிண்ணம், ஸ்பாஞ்ச் வேண்டாம்.

மூடிக்கு கம்பி வலை வேண்டவே வேண்டாம், நகம் மாட்டிக்கும். ரெண்டு பக்கமும் சின்ன ஓட்டை போதும். நம்ம கோயமுத்தூர் குளுருக்கு ஹீட்டரும் தேவையில்ல, நேரா வெயில் படாம வெச்சாச் சரி. அந்த ரூம்ல கொசு லிக்விட், ஹிட்டு எதுவும் கூடாதுங்க, சிலந்தியையும் கொன்னுரும்.

மெக்சிகன் ரெட் நீ சேந்த பிராக்கிபெல்மா வகையெல்லாம் சைட்டீஸ்ங்கற உலக வனஉயிர் வணிக ஒப்பந்தப் பட்டியல்ல இருக்கு, அதனால மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் போர்ட்டல்ல பதிவு பண்ணிருங்க. வால்பாறை, ஆனமலைப் பக்கம் காட்டுல இருக்கறத தயவுசெஞ்சு புடிச்சுட்டு வந்துராதீங்க.